அம்மாவுக்கு ஒரு புத்தகப் பட்டியல்

கப்பலேறி வந்த கடிதங்கள் – 9

கோட்ஹார்ட் கணவாயைப் பனியில் நடந்தே கடந்து ஜெனோவா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த ஆர்தர் ரேம்போவைப் போன வாரம் அங்கேயே நிறுத்திவிட்டோம். இருபத்தோரு வயதுக்குள் கவிதையை மூட்டை கட்டி வைத்தவன் என்ற கதையை மறுபடியும் சொல்லப் போவதில்லை. இந்த வாரம் அவன் அம்மா எழுதிய பதில்களைப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். 1880 நவம்பர் 2-ஆம் தேதிக் கடிதம் குறுக்கே வராமல் இருந்திருந்தால் பார்த்திருப்போம்.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெனோவாவிலிருந்து அலெக்சாந்திரியா. அங்கிருந்து சைப்ரஸ், லார்னகா பக்கம் ஒரு கல்குவாரியில் மேஸ்திரி வேலை. காய்ச்சலோடு வீடு திரும்பினான். உடம்பு தேறியதும் மறுபடி சைப்ரஸ் போய், ட்ரூடோஸ் மலையில் ஆங்கிலேய ஆளுநருக்குக் கட்டிய மாளிகையில் வேலை பார்த்தான். பிறகு செங்கடல் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக வேலை தேடி அலைந்து, 1880 ஆகஸ்டில் ஏடன். காப்பிக்கொட்டை வாங்கி விற்கும் பார்தே கம்பெனி அவனைச் சேர்த்துக்கொண்டது. கொட்டை பொறுக்கும் பெண்களுக்கு மேற்பார்வை. அந்தப் பெண்களோ ஏடன் காவற்படையிலிருந்த இந்தியச் சிப்பாய்களின் மனைவிமார். பிரெஞ்சுக் கவிதையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டவன் நம்மூர்ப் பெண்களிடம் கல் பொறுக்கிய கணக்கைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்!

இனி அந்தக் கடிதம். கம்பெனி அவனை ஆப்பிரிக்காவின் உள்ளே, ஹரார் நகரத்துக்கு அனுப்பப் போகிறது. போகிறவன் அம்மாவிடம் கேட்டது பலகாரமில்லை, கம்பளிச் சட்டையில்லை. புத்தகங்கள். கல்யாண வீட்டு மளிகைப் பட்டியல் தோற்றுப்போகும் நீளத்துக்கு ஒரு பட்டியல். உலோகவியல், நகர, வேளாண் நீரியல், நீராவிக் கப்பல் ஓட்டுவது, கப்பல் கட்டுவது, வெடிமருந்தும் வெடியுப்பும், கனிமவியல், கொத்து வேலை, தச்சனின் சட்டைப்பைக் கையேடு. இத்தனையும் பாரிஸில் லக்ருவா கடையில். ஆர்ட்டீசியன் கிணறு தோண்டுவது பற்றி ஒன்று, மர அறுவை ஆலை அமைப்பது பற்றி ஒன்று. அதோடு விட்டானா? தொழிற்கையேடுகளுக்கென்றே பெயர்போன ரோரே பதிப்பகத்திலிருந்து வண்டிச் சக்கரம் செய்பவன், தோல் பதனிடுபவன், பூட்டு செய்பவன், சுரங்கம் வெட்டுபவன், கண்ணாடி வார்ப்பவன், செங்கல் சுடுபவன், குயவன், உலோகம் வார்ப்பவன், மெழுகுவத்தி செய்பவன், துப்பாக்கி செய்பவன் என்று ஆளுக்கொரு கையேடு.

ஒரு மனிதன் இருந்த இடத்தில் ஓர் ஊரையே கட்டி எழுப்புவதற்கு வேண்டிய அத்தனை தொழிலும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. சைப்ரஸில் இருந்தபோதே இந்தப் பித்து தொடங்கிவிட்டது. அங்கிருந்து அவன் கேட்டது மர அறுவை ஆலைகளின் படத்தொகுப்பு: விலை மூன்று ஃபிராங்க், உள்ளே 128 வரைபடங்கள். படங்களின் எண்ணிக்கையைக்கூடச் சொல்லிக் கேட்கிறான் என்றால் விலைப்பட்டியலை எத்தனை முறை புரட்டியிருக்க வேண்டும்! பத்து வருஷக் கடிதங்களில் தன் கவிதையைப் பற்றி வீட்டுக்கு ஒரு வரி எழுதாதவன், பூட்டு செய்யும் புத்தகத்தின் பெயரைப் பிழையில்லாமல் எழுதுகிறான். கவிதை போனாலும் கற்பனை போகவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பதுதான் என் கட்சி. எதையும் செய்து பார்த்துவிட முடியும் என்ற பழைய வெறி இப்போது விலைப்பட்டியலுக்குள் குடியேறிவிட்டது.

வாங்கி அனுப்ப வேண்டியவர் யார்? வடக்கு பிரான்ஸில் ரோஷ் என்ற குக்கிராமத்தில் பண்ணை நடத்தும் வித்தாலி அம்மாள். காலணாவுக்குக் கணக்குப் பார்ப்பவர். அவர் பாரிஸுக்கு எழுதி, புத்தகம் வந்து, அது மார்செய் போய், கப்பலேறி, சூயஸ் கால்வாய் தாண்டி ஏடன் வந்து, எதிர்க்கரையில் செய்லாவில் இறங்கி, ஒட்டகத்தில் ஏற வேண்டும். சோமாலியப் பாலைவனத்தைக் குதிரையில் கடந்து ஹரார் போய்ச்சேர ரேம்போவுக்கே இருபது நாள் பிடித்தது.

சம்பள விஷயத்தைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஒப்பந்தம் வருஷத்துக்கு 1,800 ரூபாய். ஆமாம், ரூபாய். 1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்த ஏடனை அப்போது பம்பாய் மாகாணம்தான் ஆண்டுகொண்டிருந்தது. அங்கே புழங்கியது நம் நாணயம். ஒரு ரூபாய்க்கு இரண்டு ஃபிராங்குக்குச் சற்று மேல். ஹரார் போனாலோ மரியா தெரேசா வெள்ளிக்காசு. ஆகவே அம்மாவுக்கு எழுதும்போதெல்லாம் ரூபாயை ஃபிராங்காக்கி, வெள்ளிக்காசை ரூபாயாக்கி, மாற்றில் போன நஷ்டத்துக்குப் புலம்பியாக வேண்டும். மகன் பிழைக்கிறான் என்று அந்த அம்மாளுக்குக் காட்ட இந்தக் கணக்கைவிட நல்ல அத்தாட்சி ஏது?

அம்மாளும் சும்மா இருக்கவில்லை. மகன் அனுப்பிய பணத்தில் ஊர்ப்பக்கம் நிலம் வாங்கிப் போட்டார். நம் வீட்டுப் பெரியவர்கள் கைதட்டுவார்கள். மகனோ, நிலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று எரிந்து விழுந்தான். அவனுக்கு வேண்டியிருந்தது கேமரா. ஏறக்குறைய இரண்டாயிரம் ஃபிராங்க் செலவு; அம்மாளுக்கு அது ஊதாரித்தனம். எப்படியோ வந்து சேர்ந்தது. 1883 மே மாதம் தன்னைத் தானே எடுத்த படங்களை வீட்டுக்கு அனுப்பினான். கழுவிய தண்ணீர் மோசம், எல்லாம் வெளுத்துவிட்டது என்று கூடவே ஒரு சமாதானம்.

ஆனால் இந்த வாரம் என்னைப் படுத்தியது கேமரா அல்ல, ஒரு நோட்டுப் புத்தகம். 1881 பிப்ரவரியில் ஹராரிலிருந்து கேட்கிறான்: வீட்டில் அரபு அகராதி இருக்க வேண்டுமே, ஏன் கிடைக்கவில்லை? அண்ணன் ஃபிரெடரிக்கை அரபுத் தாள்களுக்குள் தேடச் சொல்லுங்கள்; நகைச்சுவையும் சொல் விளையாட்டும் அரபியில் எழுதிய ஒரு நோட்டு இருக்கும், உரையாடல்கள், பாட்டுகள் சேர்த்தது ஒன்றும் இருக்கும்.

யார் எழுதிய தாள்கள் அவை? அப்பாவுடையவை. அல்ஜீரியாவில் ராணுவத்தில் இருந்து அரபி கற்ற கேப்டன் ரேம்போ. 1860-இல், ஆர்தருக்கு ஆறு வயதுகூட நிறையாதபோது, வீட்டைவிட்டுப் போனவர், திரும்பவே இல்லை. 1878-இல் இறந்தும் போனார். கைவிட்டுப் போன புருஷனின் காகிதங்களை அந்தக் கண்டிப்பான அம்மாள் இருபது வருஷமாகத் தூக்கி எறியவில்லை என்பது மகனின் இந்தக் கேள்வியிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. அவனும் அப்பாவைப் பற்றி ஏதும் விசாரிக்கவில்லை. மொழி கற்க உதவும், அனுப்புங்கள்; அவ்வளவுதான். பாட்டையும் சொல் விளையாட்டையும் தலைமுழுகியவன் அதே பாட்டையும் சொல் விளையாட்டையும் பாடப்புத்தகமாகக் கேட்கிறான், அதுவும் அம்மாவிடம்!

பதில்கள் எங்கே என்று கேட்பீர்கள். அம்மாள் எழுதியவற்றில் பெரும்பாலானவை தொலைந்துவிட்டன. தப்பியவற்றில் 1885 அக்டோபரில் எழுதியது ஒன்று. மகன் கடிதமே போடாததற்குக் கண்டிப்பு. 1891 மார்ச்சில் எழுதியது இன்னொன்று. அதனோடு ஒரு ஜாடி களிம்பும், பாரிஸில் தைத்த இரண்டு எலாஸ்டிக் காலுறைகளும் போயின. மகனுக்குக் கால் வலி, நரம்புச் சுருட்டல் என்று நினைத்து அவனே கேட்டிருந்தான். அது நரம்புச் சுருட்டல் இல்லை என்பதையும், மார்செய் மருத்துவமனையிலிருந்து போன தந்தியைக் கண்டு அந்த அம்மாள் உடனே ரயிலேறியதையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அதற்கு முன்பு தீர்க்க வேண்டிய வழக்கு ஒன்றும் இருக்கிறது. ரேம்போ இறந்த பிறகு அவன் தங்கை இசபெல்லைக் கட்டிக்கொண்ட பத்தேர்ன் பெரிஷோன் 1899-இல் இந்தக் கடிதங்களை அச்சேற்றினார். முகம் பார்க்காத மைத்துனனுக்குக் கௌரவம் சேர்க்க நினைத்துச் சில தொகைகளை ஏற்றி எழுதிவிட்டார். கெய்ரோவில் ரேம்போ இடுப்பில் கட்டிக்கொண்டு அலைந்த எட்டுக் கிலோ தங்கத்திலிருந்து அந்தப் பஞ்சாயத்தைத் தொடங்குவோம்.

(தொடரும்)