மூக்கும் பீடமும்

மயிலாடியில் சாயாக்கடையில் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் கிரைண்டர் ஓயும் நேரம் பார்த்துப் பேச வேண்டும். ரோட்டோரமெல்லாம் சிற்பக் கூடங்கள். பாதி முடிந்த பிள்ளையாரும் முகம் வராத அம்மனும் வெயிலில் நிற்பார்கள். கல் தூசி சாயா கிளாஸின் விளிம்பு வரைக்கும் வரும். கார் சேதம் மதிப்பிடும் சர்வேயராகப் பல வருஷம் அலைந்து ஓய்ந்தவன் நான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். யாருக்காவது இன்சூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டால் எனக்கு ஒரு சாயாவும் ஒரு பழபஜ்ஜியும் உறுதி.

அன்றைக்குக் கடிதத்தோடு வந்தவர் எதிர்க் கூடத்துச் சிற்பி அண்ணாச்சி. ஏழு வருஷத்து 1200 சிசி கார். கட்ட வேண்டிய தொகை 11,382 ரூபாய். "தம்பி, உள்ளதச் சொல்லு. பொய் சொல்லாம இதுல எவ்வளவு கொறைக்கலாம்?"

பொய் சொல்லாமல் என்று அவராகவே சேர்த்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் தாளைப் பிரித்துப் படிக்க வேண்டும். அண்ணாச்சியின் கடிதத்தில் தேர்ட் பார்ட்டி 3,416. ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கு வரும் சேதம், 6,000. அதில் நோ கிளெய்ம் போனஸ் பாதி கழிந்து 3,000. ஓட்டுநர்-உரிமையாளர் விபத்துக் காப்பு 330. ஆட்-ஆன் என்று நாலைந்து பெயரில் 2,900. எல்லாம் கூட்டி 9,646. அதன் தலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

தேர்ட் பார்ட்டியில் கை வைக்க முடியாது. அது மத்திய அரசு அறிவிக்கும் விலை. 2022 ஜூனில் வந்த அட்டவணையில் 1000 சிசி வரை 2,094, 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. எந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றாலும் இதே விலைதான், ரேஷன் கடை மாதிரி. 1500-ஐக் கொஞ்சம் தாண்டிய எஞ்சினுக்கு வருஷா வருஷம் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது என்பதைக் கார் வாங்கும் நாளிலேயே யோசித்தால் உண்டு. இந்தக் காப்பு இல்லாமல் ரோட்டில் இறங்கினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் நிறையப் பேர் புதுப்பிக்காமலே ஓட்டினார்கள். அதனால்தான் 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டியை முதலிலேயே கட்ட வைத்தது உச்ச நீதிமன்றம். சாலை விபத்துகள் பற்றி அந்த வழக்கைப் போட்டவர் நம்ம கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன். அடிபட்டு வருகிறவர்களைத் தினமும் பார்த்தவர் போட்ட வழக்கு.

ஆகக் கூடி, பேரம் பேச இடம் இருப்பது ஓன் டேமேஜில். 2007 ஜனவரி வரைக்கும் அதற்கும் நாடு முழுக்க ஒரே தாரிஃப்தான். அந்தப் பழைய அட்டவணைப்படி அண்ணாச்சியின் மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு 3.351 சதவீதம், 10,053 ரூபாய் வரும். இப்போது கம்பெனிக்குக் கம்பெனி தள்ளுபடி வேறு. ஆகவே மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும். கேட்கும்போது மூன்று இடத்திலும் ஒரே ஐ.டி.வி. சொல்லிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கடையில் கிலோ விலையும் இன்னொரு கடையில் முக்கால் கிலோ விலையும் கேட்டு ஒப்பிட்ட கதையாகிவிடும்.

ஐ.டி.வி. என்பது வண்டி திருடு போனாலோ, சரிசெய்யவே முடியாமல் நொறுங்கினாலோ கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை. அதைக் குறைத்துப் போட்டுப் பிரீமியத்தைக் குறைப்பது சில ஏஜென்டுகளின் கைவேலை. மூன்று லட்சத்தை இரண்டு லட்சமாக்கினால் அண்ணாச்சிக்கு வரியோடு 1,180 ரூபாய் மிச்சம். அதற்காக ஒரு லட்சத்தைப் பணயம் வைக்கிறோம். பொய் இல்லைதான். ஆனால் புத்தியும் இல்லை.

"அப்போ இத விடு," என்றார் அண்ணாச்சி. "போன மாசம் வண்டிய ரிவர்ஸ் எடுக்கயில நம்ம முத்தத்துல கெடந்த கல்லுல பின் பம்பர் இடிச்சுப் பொளந்து போச்சு. ஒர்க்‌ஷாப்புல 6,500 கேக்கான். கிளெய்ம் போட்டா சும்மா கெடைக்குமே?"

பிரீமியம் குறைப்பதைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பணம் ஓடிப்போகிற ஓட்டையோ இங்கேதான். பேப்பரை வாங்கிக் கணக்குப் போட்டேன்.

பம்பர் 4,000, கூலியும் பெயின்டும் 2,500. பிளாஸ்டிக், ரப்பர் சாமான் எதுவானாலும் தேய்மானம் பாதி; ஆகப் பம்பருக்கு 2,000. பெயின்டிலும் கொஞ்சம் கழிப்பார்கள், 300 என்று வையுங்கள். மிச்சம் 4,200. அதில் 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கையில் வருவது 3,200.

இனி போவதைப் பார்ப்போம். கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் போனஸ் முதல் வருஷம் 20, பிறகு 25, 35, 45, ஐந்தாம் வருஷம் 50 சதவீதம். ஒரு கிளெய்ம் போட்டால் ஏணியில் ஒரு படி இறங்குவது இல்லை, தரைக்கே வந்துவிடுவோம். மறுபடி முதல் படி. 50-இல் இருந்தவர் அடுத்த வருஷம் 50 இழக்கிறார், அதற்கடுத்து 30, பிறகு 25, 15, 5. கூட்டினால் 125. ஒரு முழு வருஷத்து ஓன் டேமேஜ் பிரீமியமும் அதன் மேல் கால் பங்கும். அண்ணாச்சிக்கு 6,000-க்கு 7,500, வரி தனி. வண்டி பழசாகப் பழசாகப் பிரீமியம் இறங்கும் என்பதால் கொஞ்சம் குறையலாம். நடுவில் புது வண்டி வாங்கினாலோ இன்னும் கூடும்.

"3,200 வாங்கிட்டு 7,500 குடுக்கணும்னா, இதென்ன கந்து வட்டியாக்கும்?" என்றார்.

ஜீரோ டிப்ரிசியேஷன் ஆட்-ஆன் இருந்தால் தேய்மானம் கழிக்காமல் 5,500 வரும். அப்போதும் நஷ்டம்தான். ஏழு வருஷ வண்டிக்கு அந்த ஆட்-ஆன் தேவையில்லை என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். புது வண்டிக்கு முதல் நாலைந்து வருஷம் அது வேண்டும். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால் என்பதெல்லாம் எந்த வருஷத்திலும் வேண்டாம். எஞ்சின் காப்பு மட்டும் ஆளைப் பொறுத்தது. தேங்கின தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசி தராது. மழைக்காலத்தில் தாழ்ந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறவர் யோசிக்கலாம்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் கூடத்தைக் கை காட்டினார். "நம்ம தொழில்லயும் இதுதான். பீடத்துல சில்லு தெறிச்சா உளியால ரெண்டு தட்டு தட்டிச் சரியாக்கிருவேன். மூக்குல போச்சுன்னா செல போச்சு. பின்னமான செலய எவன் கும்பிடுவான்? நீ சொல்லுகது, பீடத்துக்கு இன்சூரன்ஸ் கேக்காத, மூக்குக்குக் கேளுன்னு."

நான் இத்தனை வருஷம் சொல்லித் திரிந்ததை இவ்வளவு சுருக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை.

பீடத்தை நாமே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டால் அதற்கும் கம்பெனி தள்ளுபடி தரும். சேதத்தில் முதல் 5,000 ரூபாயை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பழைய தாரிஃப்படி ஓன் டேமேஜில் 25 சதவீதம், 1,500 ரூபாய்க்கு மிகாமல் குறையும். இன்று விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டால்தான் சொல்வார்கள். 7,500-க்குக் கீழே கிளெய்மே போடப்போவதில்லை என்ற மனுஷருக்கு இதில் இழப்பு ஏதும் இல்லை. பெரிய விபத்து வந்தால் மட்டும் கட்டாயக் கழிவோடு சேர்த்து 6,000 கையிலிருந்து இறங்கும். அந்தப் பணம் சீட்டிலோ தபால் ஆபீஸிலோ தயாராகக் கிடக்க வேண்டும். கடன் வாங்கிக் கட்டுகிறவருக்கு இந்த யோசனை ஆகாது.

விபத்துக் காப்பு 330-ஐயும் எடுத்துவிடலாம். அவர் பெயரில் ஸ்கூட்டர் இருக்கிறது. அந்தப் பாலிசியில் 15 லட்சத்துக்கு இதே காப்பு ஓடுகிறது. இந்தக் காப்பு ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. ஒருவருக்கு ஒன்று போதும் என்று 2019 முதல் விதியே இருக்கிறது. ஸ்கூட்டர் பாலிசி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் போக, ஓன் டேமேஜ் 4,500, அதில் போனஸ் பாதி, 2,250. தேர்ட் பார்ட்டி 3,416. வரியோடு 6,686.

"ஓன் டேமேஜே வேண்டாம்னு வெறும் தேர்ட் பார்ட்டி போட்டா இன்னும் கொறையுமே?" ஆசை யாரை விட்டது. ஒக்கிப் புயல் அடித்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். 2017 நவம்பர் 30. மரம் விழுந்து நசுங்கிய கார்களுக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் சல்லிக் காசு கிடையாது. மூன்று லட்சத்து வண்டியை 2,250 ரூபாய்க்காக நிராயுதபாணியாக விட வேண்டாம். அதே வண்டி ஐம்பது அறுபதாயிரம் மதிப்புக்கு இறங்கிய பிறகு என்னிடம் வரட்டும். வேறு பதில் சொல்வேன்.

சின்னச் சின்னத் தள்ளுபடிகளும் உண்டு. அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு 2.5 சதவீதம், அண்ணாச்சிக்கு அது நூற்றைம்பது ரூபாய், அதற்காகக் கருவி வாங்கினால் முதலுக்கே மோசம். குறைவாக ஓட்டுகிறவர் கிலோமீட்டர் கணக்கில் கட்டும் வசதி 2022 ஜூலையில் வந்தது. நாகர்கோவிலுக்கு வாரம் இருமுறை போய்வருவதோடு சரி என்பவர் கேட்டுப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிக்கென்று வடிவமைத்த வண்டிக்கு ஓன் டேமேஜில் பாதி குறையும் என்பதுதான் இவற்றில் பெரியது. வெளியே தெரியாததும் அதுதான்.

ஒரே ஒரு தள்ளுபடியை மயிலாடிக்காரர்கள் தொடவே கூடாது. அடுத்தவர் சொத்துக்கு நாம் செய்யும் சேதத்துக்கான காப்பு காருக்கு ஏழரை லட்சம். அதை 6,000 ரூபாயாகச் சுருக்கினால் பிரீமியத்தில் 100 ரூபாய் குறையும். இந்த ரோட்டில் பிரேக் பிடிக்காமல் ஒதுங்கினால் எதன் மேல் போய் நிற்போம்? கேரளத்துக் கோயிலுக்கு ஏற்றத் தயாராக நிற்கும் முழு முடிந்த சிலை. 6,000 ரூபாய்க்கு அதன் விரல் கூட வராது. அண்ணாச்சி சிரித்ததில் அவர் சாயா சிந்திவிட்டது.

போனஸ் ஆளோடு வருவது, வண்டியோடு போவதில்லை. பழைய காரை விற்கும்போது கம்பெனியிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் எடுக்கும் புதுக் காருக்கு அதே 50 சதவீதம். புது வண்டியின் ஓன் டேமேஜ் 20,000 என்றால் 10,000 மிச்சம். இதைக் கேட்காமலே வண்டியைக் கைமாற்றிவிட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். கல்ஃபில் ஓட்டிவிட்டு ஊருக்கு வருகிறவர்களும் அங்கத்தைய கம்பெனியிடம் கிளெய்ம் இல்லாததற்கு ஒரு கடிதம் வாங்கிவர வேண்டும். மூன்று வருஷத்துக்குள் இங்கே பாலிசி எடுத்தால் அதைக் கணக்கில் எடுக்கப் பழைய தாரிஃப் விதியிலேயே இடம் உண்டு. வண்டியை வைத்துக்கொண்டே பாலிசியைக் காலாவதியாக விட்டு 90 நாள் தாண்டிவிட்டால் மட்டும் சேர்த்து வைத்தது அத்தனையும் போச்சு.

கம்பெனி மாறும்போது, போன வருஷம் கிளெய்ம் போட்டதை மறைத்துப் போனஸ் வாங்குகிறவர்களும் உண்டு. பாலிசி தரும்போது யாரும் கேட்க மாட்டார்கள், பணம் வாங்குகிற நேரம் அது. பணம் கொடுக்கிற நேரம் வரும்போது சர்வேயர் முதலில் திறக்கும் கோப்பே அதுதான். நான் எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன். முகம் பார்த்து, பணம் வராது என்று சொல்வது லேசான காரியமில்லை.

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவதும் அப்படித்தான். சொந்த உபயோகம் என்று சொல்லிக் குறைந்த பிரீமியம் கட்டிவிட்டு, ஆள் ஏற்றி நாள் வாடகை வாங்கினால், அன்றைக்கு நடக்கும் விபத்தில் வண்டிக்கு ஒன்றும் வராது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்க நேர்ந்தாலும் உரிமையாளரிடமிருந்து திருப்பி வசூலிக்கக் கோர்ட் உத்தரவிடலாம். சொந்தக்காரருக்குச் சும்மா கொடுப்பது வேறு, அவர் பெட்ரோல் போட்டுக்கொள்வது வேறு. வாடகை பேசுவது வேறு.

இதைச் சொல்லும்போது அண்ணாச்சி பஜ்ஜியைக் கீழே வைத்தார். "கார்த்திகைக்குச் சபரிமலைக்கு நாலு சாமிமாரக் கூட்டிட்டுப் போறேன், ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு தாறேன்னு மச்சினன் வண்டிய கேட்டிருக்கான். நானும் சரின்னுட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்க் கூடத்தில் கிரைண்டர் மறுபடி தொடங்கியது. அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சத்தம் கேட்காத பக்கமாக ரோட்டில் நடந்தார். "லேய், அந்த மலைக்குப் போற காரியம்..." என்பது வரைதான் எனக்குக் கேட்டது.