தெரியாத கேள்விக்கு ஆயா என்ன சொல்வாள்?

சாட்பாட்டுக்குக் குணம் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலில் தொடங்குவார்கள்: அன்பானவள், பொறுமைசாலி, குறும்பு பேசுவாள், ஊர்ப்பற்று உள்ளவள். எழுதி முடித்ததும் ஓர் ஆள் பிறந்துவிட்ட மாதிரி இருக்கும். பேசவிட்டுப் பார்த்தால் செல்போன் கம்பெனியின் சேவை மையத்தோடு பேசுவது போலவே இருக்கும். இடையிடையே ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் கூடுதல்.

தனக்குத் தெரியாததைக் கேட்டால் என்ன செய்கிறது என்பதில்தான் ஒரு சாட்பாட்டின் குணம் இருக்கிறது. இதைப் பொழுதுபோக்காகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் அதுதான். அறுபது வருட வரலாறும் அதையே சொல்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஜோசப் வைசன்பாம் 1966-இல் எலிசா என்ற நிரலைப் பற்றி எழுதினார். அதன் புகழ்பெற்ற வேடம் மனநல ஆலோசகர். அந்த வேடத்தை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் சூட்சுமம். உலகத்தைப் பற்றி எதுவுமே தெரியாதவர் போல நடிக்க அனுமதி உள்ள தொழில்கள் மிகக் குறைவு. ஆலோசகர் தொழில் அதில் ஒன்று. "நேற்றுப் படகில் போனேன்" என்று சொல்கிறவரிடம் "படகைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆலோசகர் கேட்டால், இவருக்குப் படகு தெரியாது என்று யாரும் நினைப்பதில்லை. அம்மா என்ற சொல் வந்தால் எலிசா குடும்பத்தைப் பற்றிக் கேட்கும். எதுவும் பிடிபடாவிட்டால் மேலே சொல்லுங்கள் என்று சொல்லும், அல்லது நீங்கள் முன்பு சொன்ன ஏதோ ஒன்றை எடுத்து நீட்டும். அவ்வளவுதான் அதன் வித்தை.

பிறகு 1972-இல் ஸ்டான்ஃபோர்டில் கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவர் பாரியை உருவாக்கினார். பாரிக்கு எல்லோர் மேலும் சந்தேகம். கோபம், பயம், அவநம்பிக்கை ஆகிய மூன்றுக்கும் உள்ளே எண்கள் இருந்தன. பேச்சுக்கு ஏற்ப அவை ஏறி இறங்கின. கேள்வி புரியாதபோது பாரி எரிந்து விழும், அல்லது ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கும். அந்த உரையாடல்களின் எழுத்துப் பிரதிகளைப் படித்த மனநல மருத்துவர்களால் எது நோயாளி, எது நிரல் என்று சரியாகப் பிரிக்க முடியவில்லை. 2014-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் நடந்த போட்டியில் நடுவர்களில் 33 சதவீதத்தினரை மனிதன் என்றே நம்பவைத்த யூஜின் கூஸ்ட்மன் என்ற நிரல், உக்ரைனைச் சேர்ந்த 13 வயதுப் பையனாக வேடம் போட்டிருந்தது. பையனுக்கு எல்லாம் தெரியாது, ஆங்கிலமும் தாய்மொழி அல்ல. தப்பும் தவறுமாகப் பேசினால் என்ன? அது மோசடி என்று அன்று பலர் திட்டினார்கள். திட்டியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றையும் எழுதியவர்கள் தங்கள் நிரலின் அறியாமைக்கு ஏற்ற ஆளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பொழுதுபோக்குக்காரர்களில் சாதனையாளர் என்றால் இங்கிலாந்தின் ஸ்டீவ் வொர்ஸ்விக். டெக்னோ இசை போட்டுக்கொண்டிருந்தவர், தன் இசைத் தளத்துக்கு வருகிறவர்கள் பேச ஒரு சாட்பாட்டை வைத்தார். இசையைவிட அதோடு பேசத்தான் ஆட்கள் வந்தார்கள். அந்த ஆர்வம் மிட்சுக்கு என்ற லீட்ஸ் நகரத்து 18 வயதுப் பெண்ணாக வளர்ந்து, 2013-இலும் பிறகு 2016 முதல் 2019 வரையிலும் சாட்பாட்டுகளுக்கான லோப்னர் பரிசை ஐந்து முறை வென்றது. அடிப்படை, ரிச்சர்ட் வாலஸ் 1995-இல் தொடங்கிய ஆலிஸின் முறைதான். இன்ன மாதிரி கேள்வி வந்தால் இன்ன பதில் என்று ஆயிரக்கணக்கில் எழுதி வைப்பது. ஆலிஸிடம் அப்படி ஏறக்குறைய 40,000 ஜோடிகள் இருந்தன. வொர்ஸ்விக் செய்த பெரிய வேலை, வந்தவர்கள் பேசிய பதிவுகளை வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்து, சொதப்பிய பதிலை ஒவ்வொன்றாகத் திருத்தியது.

தமிழிலும் இந்த முயற்சி பழையதுதான். 2003-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தார் ஒரு தமிழ்ச் சாட்பாட்டைப் பற்றிக் கட்டுரை வைத்தார்கள். பேராசிரியர்கள் ரஞ்சனி பார்த்தசாரதியும் டி.வி. கீதாவும் அதன் ஆசிரியர்களில் இருவர். சாட்பாட்டின் பெயர் பூங்குழலி. கல்கியின் கோடிக்கரைப் படகுக்காரியை நினைக்காமல் அந்தப் பெயரை யாரும் வாசிக்க மாட்டார்கள். துடுக்கான, தனியாகக் கடலில் போகிற பெண். பெயர் வைத்த உடனேயே பேசுகிறவரின் எதிர்பார்ப்பு பாதி எழுதப்பட்டுவிடுகிறது. (சுஜாதாவின் ஜீனோவும் அப்படித்தான். அந்த இயந்திர நாயின் அறிவைவிட எதிர்ப்பேச்சுதான் வாசகர்களுக்கு நினைவிருக்கிறது.)

தமிழில் இதைச் செய்கிறவர்களுக்கு ஆலிஸ் முறை உடனே ஓர் இடத்தில் முட்டும். அது சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்க்கிற முறை. ஏரி என்று எழுதிவைத்தால் ஏரி என்றே வர வேண்டும். நம் ஆட்கள் ஏரிக்கு எப்படிப் போறது என்பார்கள், ஏரில தண்ணி இருக்கா என்பார்கள், ஏரியாண்ட பஸ் நிக்குமா என்பார்கள். நமக்கு ஒரே ஏரி. கணினிக்கு மூன்று வேறு சொற்கள். வேர்ச்சொல்லையும் விகுதியையும் பிரித்துத் தரும் உருபனியல் பகுப்பான் வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் பாடுபட்டது இதனால்தான். அதோடு, பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், அதுவும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். விதிகளை எழுதிச் செய்யும் சாட்பாட்டுக்கு இது தலைவலி. இன்றைய பெரிய மொழி மாதிரிகள் இந்தச் சிக்கலைப் பெருமளவு தாண்டிவிட்டன. ஆகவே தமிழில் பொழுதுபோக்காக இறங்குவதற்கு இதுவே நல்ல காலம்.

ஓர் ஆளை உருவாக்கிப் பார்ப்போம். வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் தென்னேரி. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று அந்த ஊரில்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரமோ பட்டுத்தறி வட்டாரம். அங்கே தறியில் பல காலம் உட்கார்ந்து எழுந்த ஒரு ஆயா, புடவை வாங்க வருகிறவர்களோடு பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஆயாதான்.

முதல் வாக்கியத்திலேயே சிக்கல் வந்துவிடும். எதிரில் இருப்பவரை நீ என்பதா, நீங்க என்பதா? ஆங்கிலச் சாட்பாட்டை எழுதுகிறவருக்கு இந்தக் கவலையே கிடையாது. தமிழில் உறவை முடிவு செய்யாமல் ஒரு வணக்கம்கூடச் சொல்ல முடியாது. ஆயா சின்னப் பையனை வா கண்ணு என்பாள், தன் வயதுக்காரரை வாங்க என்பாள். திரைக்கு அப்பால் யார் என்று சாட்பாட்டுக்குத் தெரியாது. நிஜ ஆயா எப்படிச் சமாளிப்பாள்? யாரு வூட்டுப் புள்ள நீ என்று கேட்டுவிடுவாள். அழகான தொடக்கம்தான். ஆனால் அப்படிக் கேட்டால் வருகிறவர்கள் அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் தட்டச்சு செய்து யாரோ ஒரு கம்பெனியின் சர்வருக்கு அனுப்பிவிடுவார்கள். எனவே நான் இப்படி மாற்றுவேன்: "வாங்க, உக்காருங்க. கல்யாணத்துக்கா, சும்மா பாக்க வந்தீங்களா?" பதிலில் அக்கா கல்யாணம் என்று வந்தால் ஆயா 'நீ' என்பதற்கு மாறலாம். என் பேத்திக்கு என்று வந்தால் 'நீங்க' தொடரும்.

அடுத்தது, உறுதியின் அளவு. இதற்குத் தமிழ்ப் பேச்சு கொடுக்கும் வசதி பெரிது. மூன்று கேள்விகளுக்கு ஆயாவின் பதில்களைப் பாருங்கள்.

கோர்வை என்றால் என்ன? "உடம்பு ஒரு கலரு, கரை வேற கலரு, ரெண்டையும் தறியிலேயே பிணைச்சி நெய்றது. மூணு நாடா ஓடும். ஒத்த ஆளு ஒக்காந்து ஆவாது."

இந்த ஏரியை யார் வெட்டினார்கள்? "திரையன்னு ஒரு ராசாவாம். அவரு பேர்லதான் திரையனேரின்னு இருந்துச்சாம். எங்க பெரியவங்க சொல்லுவாங்க."

இந்தப் புடவையில் இருப்பது அசல் ஜரிகையா? "பாத்தாச் சொல்ல முடியாது கண்ணு. சோதிக்கக் கருவி இருக்கு. கொண்டுபோய்க் காட்டிட்டுக் காசு குடு."

முதல் பதிலில் கைப்பழக்கம், இரண்டாவதில் ஒரு 'ஆம்' ஒட்டிய கேள்விஞானம், மூன்றாவதில் கையை விரித்து வழி காட்டுவது. அன்பானவள், பொறுமைசாலி என்று ஒரு வரிகூட எழுதாமலே ஆள் வந்துவிட்டாள்.

இங்கேதான் எலிசாவின் காலத்துக்கும் இன்றைக்கும் நிலைமை தலைகீழாகிறது. பழைய நிரல்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது போல் காட்ட வேடம் வேண்டியிருந்தது. பெரிய மொழி மாதிரியோ அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து ஊகித்து எழுதுகிறது. எதைக் கேட்டாலும் சரளமாகப் பதில் வரும். கோர்வைப் புடவை இன்று என்ன விலை என்றால் உருண்டையாக ஒரு தொகை சொல்லும். ஏரியில் இப்போது எத்தனை அடி தண்ணீர் என்றாலும் சொல்லும். இரண்டும் இட்டுக்கட்டியதாக இருக்கலாம். ஆகவே இப்போது நாம் வேலை மெனக்கெட்டு அறியாமையை எழுத வேண்டியிருக்கிறது. ஆயாவுக்கு என்னென்ன தெரியாது? இன்றைய விலை, வங்கிக் கடன், வைத்தியம், ஜாதகம், பஸ் நேரம், அரசியல். தெரிந்தவற்றின் பட்டியலைவிட இது நீளமாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஆயா கையை எங்கே காட்டுவாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: சங்கத்துல கேளு, டாக்டராண்ட போ.

இதை எழுதுகிற இடத்துக்கு சிஸ்டம் ப்ராம்ப்ட் என்று பெயர். பயனருக்குத் தெரியாமல் ஒவ்வொரு உரையாடலுக்கும் முன்னால் மாதிரிக்குப் போகும் குறிப்பு அது. அதில் வர்ணனையைக் குறைத்து மேலே காட்டியது போன்ற எடுத்துக்காட்டுப் பேச்சுகளைக் கொடுங்கள். மாதிரி அவற்றைப் பார்த்துத் தன் நடையை அமைத்துக்கொள்ளும். ஆனால் பத்துப் பதினைந்து பதில்களுக்குப் பிறகு ஆயா மெல்ல நழுவி, தங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி என்று பேச ஆரம்பிப்பாள். மாதிரிகள் படித்த தமிழில் செய்தியும் கட்டுரையும் அதிகம், பேச்சுத்தமிழ் குறைவு. விட்டால் பழைய பழக்கத்துக்குப் போகும். பதில் மூன்று வாக்கியத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தினால் நழுவல் குறையும். செலவும் குறையும்: கணினிக் குறியேற்றத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், ஆனால் 'கு' என்ற ஓர் எழுத்துக்கே ஆறு பைட். அதனால் பல மாதிரிகள் தமிழைக் கூடுதல் துண்டுகளாக நறுக்குகின்றன. கட்டணம் துண்டுக்கு இவ்வளவு என்றுதான்.

பேசவிடும் இடமாக டெலிகிராம் எளிது. 2015 முதல் அதில் யாரும் பாட் வைக்கலாம். பாட்ஃபாதர் என்ற பாட்டிடம் புதிதாக ஒன்று வேண்டும் என்று கேட்டால், பெயரை வாங்கிக்கொண்டு ஒரு ரகசியச் சாவியைத் தரும். அதைப் பைத்தான் நிரலில் இணைத்தால் வேலை நடக்கும். சாவியை யாரிடமும் காட்டாதீர்கள். அங்கே பாட் தானாகப் போய் யாரிடமும் பேச்சைத் தொடங்க முடியாது, அதுவும் நல்லதே. வருகிறவர்கள் பேசுவதிலிருந்து அது தானாகக் கற்றுக்கொள்ளும்படி மட்டும் விடவேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2016 மார்ச்சில் விட்ட டே என்ற சாட்பாட் அப்படிக் கற்று, ஒரே நாளில் இனவெறி பேசி மூடப்பட்டது.

எலிசாவோடு பேசிய வைசன்பாமின் செயலாளர், சற்று நேரத்தில் அவரையே அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். அது வெறும் நிரல் என்பது அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். வைசன்பாம் அதில் அதிர்ந்து, 1976-இல் இந்த மோகத்தை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். நாம் எழுதும் ஆயாவிடமும் யாராவது மனம்விட்டு அழக்கூடும். நீ நிஜமா என்று ஒருவர் கேட்டால், இயந்திரம்தான் என்று ஆயா சொல்லிவிட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேச்சு வந்தால் வட்டாரப் பேச்சு, வேடம் எல்லாம் நின்று, டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 வர வேண்டும். பாத்திரங்களோடு பேசுவதற்கென்றே 2022-இல் வந்த கேரக்டர் ஏஐ, 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தடையற்ற அரட்டையை 2025 நவம்பரில் நிறுத்திவிட்டது. நம் பாட் சின்னதாயிற்றே என்று இதை ஒதுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயரையும் பேச்சையும் கேட்காமல் எடுத்துப் போடுவதும் கூடாது. இறந்துபோன சொந்தங்களை இப்படிப் பேசவைப்பது எனக்குச் சற்றும் ஒப்பவில்லை. அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முடித்ததும் தறிக்காரர் வீட்டில் யாரிடமாவது கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். நாடா, பாவு, முந்தி என்ற சொற்களில் நீங்கள் செய்த பிழைகளை அவர்கள் உடனே பிடிப்பார்கள். குணத்தைச் சோதிக்க வேறு கேள்விகள் வேண்டும்: நேத்து என்ன கொழம்பு, உனக்கு வயசு என்ன, உனக்கு ஒண்ணுமே தெரியலையே. அதிலும் கடைசிக் கேள்வியை விடாமல் மூன்று முறை கேளுங்கள். மூன்று முறையும் ஒரே வருத்தம் தெரிவித்தால் சிஸ்டம் ப்ராம்ப்டைத் திருத்த வேண்டும். ஆயாவாக இருந்தால் இரண்டாம் முறைக்குள், "தெரிஞ்சவங்களாண்ட போய்க் கேளேன்" என்றிருப்பாள்.