விலை குறைந்த மாத்திரையை நம்பலாமா?

சில மாதங்களுக்கு முன் ஐம்பத்தெட்டு வயதான ஒருவர் மாரடைப்புடன் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். நான்கு மாதங்களுக்கு முன்புதான் அவருடைய இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தி நாங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். அதே ஸ்டென்ட்டுக்குள் இப்போது ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அடைப்பை நீக்கினோம். ஆனால், இதயத் தசையின் ஒரு பகுதியை மீட்க இயலவில்லை.

காரணத்தை அவருடைய மகள் கூறினார். செலவைக் குறைப்பதற்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையை அவர் மக்கள் மருந்தகத்தில் வாங்கித் தந்திருக்கிறார். “இவ்வளவு மலிவான மாத்திரை எப்படி வேலை செய்யும்?” என்று அக்கம்பக்கத்தார் கேட்டதும் தந்தை அதை ஒதுக்கிவிட்டார். பழைய மாத்திரையை வாங்கக் கையில் பணமில்லை, புதியதன்மேல் நம்பிக்கையில்லை. மூன்று வாரங்கள் இரண்டையும் உட்கொள்ளவில்லை.

“விலை குறைந்தால் தரமும் குறைவுதானே, டாக்டர்?” என்று அந்த மகள் கேட்டார். வீடு திரும்பும் நாளிலேயே நாங்கள் விளக்கியிருக்க வேண்டிய செய்தி அது, நாங்கள் விளக்கவில்லை. அவருக்குத் தந்த விடையை இங்கே உங்கள் அனைவருக்கும் எழுதுகிறோம்.

விலை எவ்வாறு முடிவாகிறது?

அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலையை வகுக்கிறது. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சந்தையில் குறைந்தது 1 சதவீதப் பங்குள்ள தயாரிப்புகளின் சராசரி விலையோடு, சில்லறை வணிகரின் 16 சதவீத லாபத்தைச் சேர்த்தால் வருவதே உச்ச விலை. 1995ஆம் ஆண்டின் பழைய ஆணை உற்பத்திச் செலவை அடிப்படையாகக் கொண்டிருந்தது. இப்போதைய கணக்கு சந்தை விலையிலிருந்து தொடங்குகிறது. ஆகவே, உச்ச விலை உள்ள மருந்தும் அதைத் தயாரிக்க ஆகும் செலவைவிடப் பன்மடங்கு கூடுதலாக விற்கப்படலாம். பட்டியலில் இல்லாத மருந்துகளின் விலையை நிறுவனமே முடிவு செய்யலாம். ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மட்டுமே தடை.

விலைக் கட்டுப்பாட்டின் பயனை இதய நோயாளிகள் நேரில் கண்டவர்கள். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் உச்ச விலை 29,600 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பலர் ஒரு லட்சத்துக்கும் மேல் செலுத்தினர்.

மக்கள் மருந்தகங்களிலும், 2025இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவதற்குக் காரணம், மருந்து மொத்தமாகக் கொள்முதல் செய்யப்படுவதும், வணிகப் பெயரை விளம்பரப்படுத்தும் செலவு இல்லாததுமே. உள்ளிருக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்.

தரத்தை யார் காக்கிறார்கள்?

உங்கள் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் நச்சு வேதிப்பொருள் கலந்த கிளிசரால் கொடுக்கப்பட்டு 14 நோயாளிகள் உயிரிழந்தனர். நீதிபதி லென்டின் ஆணையம் அதை விசாரித்தபோது, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் குறைகளோடு கொள்முதலில் நடந்த முறைகேடுகளும் வெளிவந்தன. தரத்தின் கதை ஆய்வுக்கூடத்தில் மட்டும் தொடங்குவதில்லை. யாரிடம், என்ன விலைக்கு, எப்படி வாங்கினோம் என்ற கணக்கேட்டிலும் தொடங்குகிறது.

இங்கேதான் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் அனுபவம் துணை நிற்கிறது. 1994இல் நிறுவப்பட்ட இக்கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி, மருந்துகளை மூலப்பெயரில் வாங்குகிறது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டு, தயாரிப்பாளரின் பெயர் மறைக்கப்பட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்படுகிறது. தேறிய மருந்தே மருத்துவமனைகளுக்குச் செல்லும். தவறும் நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்படும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கப்பட்ட தொகை ஒரு பாஸ்புத்தகத்தில் பதியப்பட்டு, எடுத்த மருந்தின் மதிப்பு அதில் கழிக்கப்படுகிறது. கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் பின்னர் இவ்வகைக் கழகங்களை அமைத்தன.

கணக்கு வெளிப்படையாக இருப்பது நோயாளிக்கும் நன்மையே. கொள்முதல் விலை தெரிந்தால், சந்தையில் நாம் தரும் விலை நியாயமானதா என்று கேட்க முடிகிறது. தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அக்கேள்விக்கு இடம் தருகின்றன. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, தரத்தில் தவறிய மருந்துகளின் பட்டியலைத் தொகுதி எண்ணுடன் மாதந்தோறும் வெளியிடுகிறது. அதில் புகழ்பெற்ற வணிகப் பெயர்களும் இடம்பெறுவதுண்டு. விலை உயர்ந்த மாத்திரை என்பதே தரத்துக்குச் சான்றாகாது. மலிவு என்பதே குறையும் ஆகாது.

நீங்கள் செய்யக்கூடியவை

• மருந்துச்சீட்டில் மூலப்பெயரையும் எழுதித் தருமாறு எங்களைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

• மருந்தை எப்போதும் ரசீதுடன் வாங்குங்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையை வைத்திருங்கள்.

• உச்ச விலையை, மருந்து விலை ஆணையத்தின் ‘பார்மா சஹி தாம்’ செயலியில் பார்க்கலாம்.

• 2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்பனையாகும் 300 மருந்துகளின் உறைகளில் கியூஆர் குறியீடு கட்டாயம். அதைக் கைப்பேசியில் படித்து விவரங்களை ஒப்பிடுங்கள்.

• மருந்தால் ஒவ்வாமையோ, பயனில்லை என்ற ஐயமோ ஏற்பட்டால் எங்களிடம் கூறுங்கள். பக்க விளைவுகளை 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம்.

• வேறு பெயருள்ள மாத்திரைக்கு மாறும்போது பழையதையும் புதியதையும் சேர்த்து உட்கொள்ள வேண்டாம். இரண்டு அட்டைகளையும் கொண்டுவந்து காட்டுங்கள். வலிப்பு, தைராய்டு நோய்களுக்கான மருந்துகளையும், வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளையும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

அனைத்துக்கும் மேலாக, ஐயம் வந்தால் மருந்தை நிறுத்தாதீர்கள், எங்களை அழையுங்கள். பணம் போதவில்லை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்வதில் வெட்கமில்லை; அதைக் கேளாமல் விடுவதுதான் எங்கள் குறை.

அந்த நோயாளி இப்போது மெதுவாக நடக்கிறார். மக்கள் மருந்தகத்து மாத்திரையையே நாள்தோறும் உட்கொள்கிறார். வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும், “இந்த மாத்திரைக்கு மாதம் எவ்வளவு ஆகும், உங்களால் இயலுமா?” என்று நாங்கள் இப்போது கேட்கிறோம். உங்களிடம் கேட்க மறந்தால், தயவுசெய்து எங்களுக்கு நினைவூட்டுங்கள்.