குடி புகுவோர்க்கு வேண்டிய ஆங்கிலம்

முதுகுன்றம் என்று தேவார காலத்தில் வழங்கிய விருத்தாசலம், மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலைச் சுற்றி வளர்ந்த பழம்பதியாயினும், வருவோரும் போவோரும் ஓயாத ஊராகவே இன்று விளங்குகிறது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், கடலூருக்கும் சேலத்துக்கும் கிளை பிரியும் சந்திப்பு இது. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலின் நுட்பத்தைப் போதிக்கும் அரசு நிலையமும், கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் இங்கே இருக்கின்றன. நெய்வேலிச் சுரங்கங்களும் தூரத்தில் இல்லை. ஆகவே உத்தியோகத்தின் நிமித்தமும் படிப்பின் நிமித்தமும் இங்கே வீடு தேடி வருவோர் உண்டு. இங்கே பீங்கான் தொழிலைக் கற்றுக்கொண்டு, குஜராத்தின் மோர்பிக்கோ பெங்களூருக்கோ கடல் கடந்த தேசங்களுக்கோ ஜீவனம் தேடிப் போகும் இளைஞர்களும் உண்டு. வீட்டுக்காரரின் பாஷை குடியிருக்க வந்தவருக்குத் தெரியாமலும், வந்தவரின் பாஷை வீட்டுக்காரருக்குத் தெரியாமலும் இருக்கிற ஊரில், இருவருக்கும் நடுவே நின்று காரியத்தை முடித்து வைப்பது பெரும்பாலும் ஆங்கிலமே.

அந்த ஆங்கிலம் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. பெயர் எழுதத் தெரியாத மூதாட்டியும், “அட்வான்ஸ் எவ்வளவு, கரெண்டு பில்லு தனியா?” என்றுதான் கேட்கிறார். ஆனால் ஒரு சொல் வாயில் புழங்குவதும், அதன் பொருளும் எல்லையும் மனத்தில் தெளிவாயிருப்பதும் வெவ்வேறு விஷயங்கள். கடைவீதியில் ஒரு சொல்லைப் பிழையாகப் பிரயோகித்தால் நஷ்டம் சொற்பமே. வீட்டு ஒப்பந்தத்தில் ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டாலோ, பல மாதச் சம்பாத்தியம் கைவிட்டுப் போகக்கூடும். ஆகையால் வாடகை வீட்டுக்குரிய ஆங்கிலத்தைப் பகட்டுக்காகக் கற்க வேண்டியதில்லை. தன் பணத்தையும் உரிமையையும் காத்துக்கொள்ளும் பொருட்டு ஒவ்வொரு குடும்பமும் கற்க வேண்டியதாகவே அதை நான் கருதுகிறேன். வேண்டிய சொற்களும் மிகுதியல்ல. வீடு தேடுவது, பணம் பேசுவது, கையெழுத்திடுவது, குடிபோவது, குடியிருப்பது, காலி செய்வது என்ற வரிசையில் அடுக்கிக்கொண்டால், ஐம்பது சொற்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

முதலில் தேடுதல். தெருவில் தொங்கும் ‘டு லெட்’ பலகையில் உள்ள ‘லெட்’ என்பது வாடகைக்கு விடுதலைக் குறிக்கும். அது வீட்டுக்காரர் செய்கிற காரியம். ‘ரென்ட்’ என்பதோ விடுவதற்கும் எடுப்பதற்கும் பொது. ‘ஹயர்’ என்ற சொல்லை வீட்டுக்குப் பிரயோகிப்பதில்லை. சாமான் ஏற்றும் வண்டியை அமர்த்தும்போது அதைச் சொல்லலாம். வீட்டுக்குரியவரை நாம் ‘ஹவுஸ் ஓனர்’ என்கிறோம். பத்திரங்களில் அவர் ‘லேண்ட்லார்ட்’ என்றும், குடியிருப்பவர் ‘டெனன்ட்’ என்றும் குறிக்கப்படுவர். முன்னதைக் கண்டு வயலும் வரப்பும் உடைய மிராசுதாரை நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவரும் அப்பெயருக்கு உரியவரே.

இவற்றுள் மிகுந்த ஜாக்கிரதையோடு அறிய வேண்டியது ‘லீஸ்’ என்னும் சொல். ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொல்லி வந்தவர்கள், இப்போது அதையே லீஸ் என்று வழங்குகிறார்கள். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்திலோ, இங்கிலாந்திலோ சிங்கப்பூரிலோ, அச்சொல் பிரதிபலனுக்காக ஒரு சொத்தைக் குறித்த காலம் அனுபவிக்க விடுகிற குத்தகையைக் குறிக்கும். மாதாமாதம் வாடகை கொடுத்திருக்கும் சாதாரணக் குடியிருப்பும் அதில் அடக்கம். சிங்கப்பூரில் ஒருவர் ‘டூ இயர் லீஸ்’ என்று சொன்னால், இரண்டு வருஷம் அவ்வீட்டில் இருந்து வாடகை செலுத்தக் கட்டுப்பட வேண்டும் என்பதே பொருள். நம் ஊர் வழக்கை எண்ணிக்கொண்டு அதற்குத் தலையசைப்பவர் பெருங்கஷ்டத்துக்கு ஆளாவார்.

அடுத்தது பணம். வீட்டைப் பிறருக்குக் கொடாமல் நிறுத்திவைக்கக் கொடுப்பது ‘டோக்கன்’. தரகருக்கு உரியது ‘புரோக்கரேஜ்’ அல்லது ‘கமிஷன்’. அடுக்குமாடிகளில் காவலுக்கும் துப்புரவுக்கும் மாதந்தோறும் கட்டுவது ‘மெயின்டனன்ஸ்’. நாம் அட்வான்ஸ் என்பதைப் பத்திரம் ‘செக்யூரிட்டி டெபாசிட்’ என்று கூறும். பிற தேசங்களில் ‘அட்வான்ஸ் ரென்ட்’ என்பது வாடகையையே முன்கூட்டிக் கட்டுவதாகையால் அது திரும்பி வராது; டெபாசிட்டோ ஈடாக வைத்த பணமாகையால், உரிய பிடித்தங்கள் போகத் திரும்பி வர வேண்டும். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கலாகாது என்றும், வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. இங்கிலாந்தில் 2019-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, சாதாரண வீடுகளுக்கு ஐந்து வார வாடகைதான் உச்ச வரம்பு.

பிறகு கையெழுத்து. வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலமாயிருத்தல் அவசியம் என்பதே மேற்படி தமிழ்நாட்டுச் சட்டத்தின் ஜீவநாடி. விருத்தாசலத்தாருக்கு எழுத்தின் வலிமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அருகே மணவாளநல்லூரில் கோயில் கொண்டிருக்கும் கொளஞ்சியப்பரிடம் முறையிடுகிற பக்தர்கள்கூட, தங்கள் குறையைக் காகிதத்தில் எழுதிப் பிராதாகக் கட்டிவிட்டு வருகிறார்கள். தெய்வ சந்நிதியிலேயே விஷயத்தை எழுதி வைக்கும் ஜனங்கள், மனிதர்களோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையை வாய்வார்த்தையோடு விடுவது பொருந்தாது. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய சொற்கள் சில: எத்தனை காலம் என்பது ‘டர்ம்’, காலி செய்வதற்கு எவ்வளவு முன்பு அறிவிக்க வேண்டும் என்பது ‘நோட்டீஸ் பீரியட்’, குறித்த காலத்துக்குள் விலகக் கூடாது என்ற கட்டு ‘லாக்-இன்’, புதுப்பித்தல் ‘ரினியூவல்’, நாம் எடுத்த வீட்டை நாமே மற்றொருவருக்கு வாடகைக்கு விடுவது ‘சப்லெட்’. இக்கடைசிக் காரியத்தை வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதமின்றிச் செய்யலாகாது. ஒப்பந்தங்களில் பதினொரு மாதம் என்று காண்பதற்கும் காரணம் உண்டு: ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் கூறுகிறது.

குடியிருக்கும் காலத்தில் வேண்டிய சொற்கள் வீட்டின் உறுப்புகளைப் பற்றியவை. ‘ஃபர்னிஷ்ட்’ என்றால் கட்டில், நாற்காலி முதலிய சாமான்களோடு கூடிய வீடு. ‘ஃபிக்ஸ்சர்ஸ்’ என்றால் சுவரோடும் தரையோடும் பொருத்தப்பட்டவை. பழுதானால் யார் செலவு என்ற தகராறு எழாதிருக்க, தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இருவர் பொறுப்பையும் பிரித்துக் காட்டுகிறது. கட்டடத்தின் ஆதாரமான பழுதுகளும், வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும், குழாய் மாற்றுவதும், மின்கம்பி வேலையும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷரும், ஸ்விட்சும், பூட்டும், உடைந்த கண்ணாடியும், நாம் பீங்கானில் செய்கிற வாஷ் பேசினும் கிளாசெட்டும் பழுதுற்றால் அவற்றைச் சரிசெய்வது குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டாலன்றி இதுவே விதி. ஆகவே ‘லீக்’ என்பது ஒழுகல், ‘பிளாக்’ என்பது அடைப்பு, ‘கிராக்’ என்பது விரிசல், ‘சிப்’ என்பது விளிம்பு பெயர்தல் என்று நுட்பமாக அறிந்து, குடிபுகும் அன்றே ‘இன்வென்டரி’ என்னும் சாமான் ஜாபிதாவில் வீட்டிலுள்ள குறைகளை எழுதி, இருவரும் கையொப்பமிட்டுக்கொள்வது நலம். வெளியேறும்போது நம்மைக் காப்பது ‘ஃபேர் வேர் அண்ட் டேர்’ என்ற தொடர்; நாளடைவில் நேரும் இயல்பான தேய்மானத்துக்கு நம்மிடம் பணம் பிடிக்கலாகாது என்பதே அதன் தாத்பரியம்.

வீடு மாறுவதை நாம் ‘ஷிஃப்ட்’ என்கிறோம். ஆங்கில தேசங்களில் ‘மூவ்’ என்பதே வழக்கு. குடிபுகுவது ‘மூவ் இன்’, காலி செய்வது ‘மூவ் அவுட்’. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறாத குடும்பங்கள், நோட்டீஸ் கொடுக்கும்போதே அம்மாதங்களைக் கணக்கிட்டு, வேண்டிய தேதியை அதிலேயே எழுதிக் கேட்பது உசிதம். உடையும் பொருள் வைத்த பெட்டியின் மேல் எழுத வேண்டிய ‘ஃப்ரஜைல்’ என்ற சொல்லைப் பீங்கான் ஊராருக்குப் போதிக்க அவசியமில்லை. தாமே வீட்டை விடுவது ‘வெகேட்’. சட்டத்தின் மூலம் வெளியேற்றப்படுவது ‘எவிக்ஷன்’. பின்னதற்கு நியாயஸ்தலத்தின் உத்தரவு வேண்டும். வாய்க்கு வந்தபடி மிரட்டுவதும், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதும் சட்டத்துக்கு விரோதம்.

சொற்களைக் கற்றபின் சம்பாஷணைக்கு இன்னொன்று வேண்டும். தமிழில் “சாவியைக் கொடுங்க” என்று சொல்லும்போது, ஈற்றிலுள்ள அந்த ‘ங்க’ மரியாதை முழுவதையும் சுமக்கிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு அத்தகைய விகுதி இல்லையாதலால், அதையே ‘கிவ் மீ த கீ’ என்று பெயர்த்தால் அதிகாரமாக ஒலிக்கும். ‘குட் ஐ ஹேவ் த கீ, ப்ளீஸ்?’ என்று கேள்வியாக மாற்றினால்தான் நம் மனத்திலுள்ள பணிவு எதிரிலிருப்பவரைச் சென்றடையும். ‘இஸ் வாட்டர் இன்க்ளூடட் இன் த ரென்ட்?’, ‘வென் வில் த டெபாசிட் பி ரிட்டர்ன்ட்?’, ‘மே ஐ ஹேவ் எ ரிசீப்ட்?’ என்ற மூன்று கேள்விகளையும் மனப்பாடம் செய்துகொண்டவர் எந்த ஊரிலும் அநேகமாக ஏமாற மாட்டார். வாடகைக்கு ரசீது பெறுவது குடியிருப்பவரின் சட்டபூர்வமான உரிமையாகையால், அதைக் கேட்கக் கூச்சப்படவும் வேண்டியதில்லை.

இவற்றைக் கற்க இலக்கணப் புஸ்தகத்தைக் காட்டிலும் உபயோகமானது மெய்யான வாடகை ஒப்பந்தம் ஒன்றே. அதன் நகலை வைத்துக்கொண்டு, நாளைக்கு ஒரு ஷரத்தாக வாய்விட்டுப் படித்து, தெரியாத சொல்லைக் கோடிட்டு, அதன் பொருளை ஓரத்தில் தமிழில் எழுதி, அவ்வாக்கியத்தைத் தன் சொந்த வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கும் மாணவர், ஒரு மாதத்தில் இந்த விஷயத்தில் யாருக்கும் சளைக்காதவராவார். பீங்கான் நுட்பம் படிக்கிறவர்களுக்கும் கலைக் கல்லூரியின் கடைசி வருஷ மாணவர்களுக்கும், வேலைக்கு மனு எழுதக் கற்பிப்பதோடு, வீட்டு ஒப்பந்தம் ஒன்றைப் படிக்கவும் ஆசிரியர்கள் கற்பித்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு அனுகூலமாயிருக்கும். உத்தியோகம் கிடைத்துப் புறப்படுகிற பிள்ளைக்குச் சம்பளத்தைக் கேட்டு வாங்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அச்சம்பளத்தில் தான் எடுக்கும் வீட்டுக்கு எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.