முதல் தலைமுறை மாணவர்களுக்குத் தோள் கொடுப்பவர்கள்... அவர்களைத் தாங்கும் பைலா!

அபார்ட்மென்ட் அசோசியேஷனோ, ஊர்க் கோயில் கமிட்டியோ... கூட்டத்தில் யாராவது எழுந்து, 'இதுக்கு பைலா என்ன சொல்லுது?' என்று கேட்டால் போதும், பாதிப்பேர் செல்போனைக் கையில் எடுத்துவிடுவார்கள். சங்க விதிமுறை என்றாலே சலிப்பூட்டும் சமாசாரம்தான். தலைவர் யார், பதவிக்காலம் எவ்வளவு, கோரம் எத்தனை பேர், கணக்கை யார் சரிபார்ப்பது என்று பக்கம் பக்கமாக ஓடும்.

ஆனால், ஒரு பிரச்னை வரும்போதுதான் அந்தப் பக்கங்களின் அருமை தெரியும். அதிலும், ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் அரசுப் பணத்தில் வேலை செய்துகொண்டே, அதே அரசிடம் போராட வேண்டியும் இருந்தால்? அமெரிக்காவில் ஏழை மாணவர்களைக் கல்லூரிக்குள் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஊழியர்களின் தேசிய அமைப்புக்கு அதுதான் நிலைமை. 40 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கயிற்றின்மேல் நடக்கிறது அது. விழாமல் காப்பதில் பெரும்பங்கு, யாரும் படிக்க விரும்பாத அந்த விதிமுறைகளுக்குத்தான்!

யார் இவர்கள்?

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைக்கு அங்கேதான் சிக்கலே ஆரம்பம். எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது? உதவித்தொகை விண்ணப்பத்தில் அப்பாவின் வருமானத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கணக்கில் ஃபெயில் ஆனால் அடுத்து என்ன? வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் அம்மாவோ சித்தப்பாவோ சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்கு யார் சொல்வது?

அந்த இடத்தை நிரப்பத்தான் 'ஸ்டூடன்ட் சப்போர்ட் சர்வீசஸ்' என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. தனிப்பயிற்சி, பாடத் தேர்வில் ஆலோசனை, நிதியுதவிக்கு விண்ணப்பிக்க வழிகாட்டல், பணத்தைக் கையாளச் சொல்லித்தருவது, மேற்படிப்புக்குத் தயார்செய்வது என எல்லாம் இதில் அடக்கம். மாற்றுத்திறனாளி மாணவர்களும் இதில் சேரலாம். கல்லூரிகள் போட்டியிட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஜெயித்தால் 5 ஆண்டுகளுக்கு மானியம் கிடைக்கும். அதன்பிறகு மீண்டும் போட்டி.

இந்த அலுவலகங்களில் இருப்பவர்கள் பேராசிரியர்கள் இல்லை. வெறும் குமாஸ்தாக்களும் இல்லை. கல்லூரியில் அந்தப் பிள்ளைக்கு ஓர் அக்காவாக, அண்ணனாக இருப்பவர்கள். மானியம் நின்றால் பெரும்பாலும் இவர்களின் வேலையும் நின்றுவிடும்.

டெக்சாஸ் வாத்தியார் போட்ட விதை

இதன் வேர் 1960-களில் இருக்கிறது. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், இளம் வயதில் டெக்சாஸ் மாநிலத்தின் கொட்டூலா என்ற சிற்றூரில், மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்கு வாத்தியாராக இருந்தவர். 1928-ல் அங்கே பார்த்த வறுமையை அவர் மறக்கவில்லை.

அதிபரானதும் 'வறுமைக்கு எதிரான போர்' என்று அறிவித்தார். 1964-ல் வந்த சட்டத்தின் வழியே, பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்யும் 'அப்வர்ட் பவுண்ட்' பிறந்தது. 1965 நவம்பர் 8-ம் தேதி உயர்கல்விச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். அதுவும் வாஷிங்டனில் இல்லை. தான் படித்த சான் மார்கோஸ் கல்லூரிக்கே போய்! கொட்டூலா பிள்ளைகளுக்கு வறுமையால் கல்லூரிக் கதவு மூடியே கிடந்ததை அன்றைய பேச்சிலும் நினைவுகூர்ந்தார். அந்தச் சட்டம் 'டேலன்ட் சர்ச்' திட்டத்தைக் கொண்டுவந்தது. 1968-ல் கல்லூரிக்குள் உதவும் மூன்றாவது திட்டமும் சேர்ந்தது. அதுதான் இன்றைய ஸ்டூடன்ட் சப்போர்ட் சர்வீசஸ். மூன்றும் சேர்ந்ததால் 'ட்ரியோ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது 8 திட்டங்களாக வளர்ந்துவிட்டாலும் பெயர் மட்டும் மாறவே இல்லை.

இன்று ட்ரியோ திட்டங்களில் பயன்பெறுவோர் 8 லட்சத்துக்கும் அதிகம். 2024 நிதியாண்டில் ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 119 கோடி டாலர். ஆஸ்கர் வென்ற நடிகை வயோலா டேவிஸ், அப்வர்ட் பவுண்டில் படித்து வந்தவர்தான்.

சட்டத்துக்குள் நுழைந்த ஒரு சொல்

தமிழ்நாட்டில் 'முதல் பட்டதாரி' சான்றிதழ் தெரியாத வீடு குறைவு. குடும்பத்தில் யாருமே பட்டதாரி இல்லையென்றால், தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். அமெரிக்காவில் இதற்கு இணையான சொல், 'ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்'. அங்கே கணக்கு கொஞ்சம் வேறு. அம்மா, அப்பா இருவருமே இளங்கலைப் பட்டம் பெறாதவர்களாக இருக்க வேண்டும். அண்ணன் பட்டதாரி என்பதற்காகத் தம்பியின் தகுதி போகாது.

இந்தச் சொல் 1980-ல் சட்டத்துக்குள் வரக் காரணமானவர்களில் முக்கியமானவர் ஆர்னால்டு மிட்சம். மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இத்தகைய மாணவர்களுக்கான திட்டத்தை நடத்தியவர். வறுமையை மட்டும் அளவுகோலாக வைத்தால் போதாது, வீட்டில் வழிகாட்ட ஆளில்லாததும் ஒரு பின்னடைவுதான் என்பது அவர் தரப்பு வாதம்.

இன்றைய விதிப்படி, ஒரு கல்லூரியின் சப்போர்ட் சர்வீசஸ் திட்டத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள், குறைந்த வருமானம் கொண்ட முதல் தலைமுறையினராகவோ மாற்றுத்திறனாளிகளாகவோ இருக்க வேண்டும். மற்றவர்களும் இந்த மூன்றில் ஒரு தகுதியையாவது பெற்றிருக்க வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைகளை வைத்து 'ரிசல்ட்' காட்டும் வேலை இங்கே நடக்காது!

சங்கங்களின் சங்கம்

1981-ல் ரீகன் ஆட்சி தொடங்கியது. சமூகநலச் செலவுகளில் கத்தரி விழும் என்ற பயம் எங்கும் பரவியது. அந்த ஆண்டுதான், வட்டாரம் வட்டாரமாக இயங்கிய ஊழியர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசிய அமைப்பை உருவாக்கின. மிட்சம் அதன் தலைவரானார். 2013 வரை அவரே வழிநடத்தினார். இன்று அதன் பெயர் 'கவுன்சில் ஃபார் ஆப்பர்ச்சூனிட்டி இன் எஜுகேஷன்'.

ஆரம்பத்தில் வைத்த பெயரிலேயே 'சங்கங்களின் கவுன்சில்' என்ற பொருள் இருந்தது. அது வெறும் பெயர் இல்லை, அமைப்பின் அடித்தளமே அதுதான். தலைநகரில் நான்கு பேர் உட்கார்ந்து ஊர் ஊராகக் கிளை திறக்கவில்லை. கிளைகள் முதலில் முளைத்தன. மரம் பிறகு வந்தது. ஆகவே, நிர்வாகக் குழுவில் வட்டாரங்களின் குரல் இருந்தே ஆக வேண்டும். மாணவர் கூட்டம் அதிகமுள்ள கலிஃபோர்னியாவின் தேவை வேறு, ஆள் நடமாட்டம் குறைந்த மொன்டானாவின் தேவை வேறு. தலைக்கு ஓர் ஓட்டு என்று மட்டும் வைத்தால், பெரிய மாநிலங்களே எப்போதும் ஜெயிக்கும். வட்டாரத்துக்கு இத்தனை இடம் என்று எழுதிவைப்பது, சின்ன ஊரின் மாணவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

கலவரக் கூட்டத்தில் பிறந்த ரூல்ஸ்

அமெரிக்கச் சங்கங்களின் பைலாக்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். 'இங்கே சொல்லப்படாத விஷயங்களில் ராபர்ட்ஸ் ரூல்ஸ் பின்பற்றப்படும்' என்பதே அது. அதன் பின்னால் ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு.

ஹென்றி மார்ட்டின் ராபர்ட், ராணுவப் பொறியாளர். 1863-ல் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டு நகர சர்ச்சில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் எப்படி நடத்துவது என்று அவருக்குத் தெரியாது. சமாளித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். கூச்சலும் குழப்பமும்தான் மிச்சம்! பட்ட அவமானத்தில் விதிமுறைகளைத் தேடித்தேடிப் படித்தார். 1876-ல் தானே ஒரு கையேடு வெளியிட்டார். அதன் 12-வது பதிப்பு 2020-ல் வந்தது.

ராபர்ட் சொன்னதன் சாரம் எளிது. ஒரு நேரத்தில் ஒரு விஷயம். பெரும்பான்மை முடிவெடுக்கட்டும், ஆனால், சிறுபான்மை பேசி முடித்த பிறகு. பைலாவைத் திருத்த வேண்டுமென்றால் முன்கூட்டியே அறிவிப்பு, கூடவே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. ஒரு மழைநாளில் நாலு பேர் மட்டும் கூடி சங்கத்தின் தலையெழுத்தை மாற்றிவிட முடியாது. 'கோரம்' என்று ஒன்றை வைத்திருப்பதும் அதற்குத்தான்.

பணத்துக்கு நடுவே ஒரு சுவர்

இந்தச் சங்கத்துக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல். உறுப்பினர்களின் சம்பளம் மத்திய அரசு மானியத்திலிருந்து வருகிறது. சங்கம் வாதாடப் போவதும் மத்திய அரசிடமே. 'அரசுப் பணத்தை வைத்தே அரசிடம் பணம் கேட்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டு எந்த நிமிடமும் வரலாம்.

அதனால், பணத்துக்கு நடுவே சுவர் எழுப்பித்தான் ஆக வேண்டும். தொழில்சார் அமைப்பின் சந்தாவை மானியத்திலிருந்து கட்ட மத்திய விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால், அந்த அமைப்பின் முதன்மை நோக்கமே அரசியல் பரிந்துரை என்றால், அனுமதி கிடையாது. பைலாவின் முதல் பக்கத்தில் 'நோக்கம்' என்ற தலைப்பில் இருக்கும் நான்கு வரிகளை யாரும் வாசிப்பதில்லை. ஆனால் பயிற்சி, ஆய்வு, மாணவர் நலன் என்ற அந்த வரிகளை மீறி வேறு திசையில் போனால், சந்தா வரும் வழியே அடைபட்டுவிடும்.

வரிவிலக்கு பெற்ற பொதுநல அமைப்பு என்பதால் இன்னொரு பூட்டும் உண்டு. தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. இந்தத் தடையை 1954-ல் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அப்போது செனட்டராக இருந்த அதே லிண்டன் ஜான்சன்! திட்டத்தைத் தொடங்கியவரும் அவரே, அதன் ஊழியர்களின் அமைப்புக்குக் கட்சிக்கொடி பிடிக்கத் தடைபோட்டவரும் அவரே.

தவிர, ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்கு தானாகவே போய்விடும். 'நிர்வாகிகளின் சொந்த நலன் குறுக்கிட்டால் என்ன செய்வது என்று எழுத்தில் கொள்கை வைத்திருக்கிறீர்களா?' என்ற கேள்வியும் அந்தப் படிவத்தில் உண்டு. தலைவரின் மச்சான் கம்பெனிக்கு மாநாட்டு கான்ட்ராக்ட் போகிறதா என்பதை நாசூக்காகக் கேட்கிறார்கள்!

வரி இடைவெளியால் வந்த வம்பு

விதி என்பது இருபக்கமும் கூரான கத்தி. 2017-ல் அது இந்த ஊழியர்களையே பதம்பார்த்தது.

அப்வர்ட் பவுண்ட் மானியத்துக்கு விண்ணப்பித்த பல கல்லூரிகளின் மனுக்களைக் கல்வித்துறை படித்துப் பார்க்காமலேயே தள்ளுபடி செய்தது. காரணம், வடிவமைப்புப் பிழை. ஒஹையோவின் விட்டன்பெர்க் பல்கலைக்கழகம் அனுப்பிய விண்ணப்பத்தில், வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி விட வேண்டிய இரு படங்களில் ஒன்றரை இடைவெளி இருந்துவிட்டது. அவ்வளவுதான்! பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளைத் தயார்செய்துவந்த திட்டங்கள் ஒரே கடிதத்தில் அந்தரத்தில் தொங்கின.

தனித்தனியாக அழுதிருந்தால் யார் காதிலும் விழுந்திருக்காது. சங்கம் குரல் எழுப்பியது. இரு கட்சி எம்.பி-க்களும் கேள்வி கேட்டார்கள். இனி வடிவமைப்புக்காக விண்ணப்பங்களை நிராகரிக்க மாட்டோம் என்றது கல்வித்துறை. தள்ளப்பட்ட மனுக்களையும் மீண்டும் பரிசீலிக்க ஒப்புக்கொண்டது. கட்சி சாராமல் இருக்க வேண்டும் என்ற விதி, இரு தரப்புக் கதவையும் தட்டக் கைகொடுத்த தருணம் அது.

அந்தக் கதவுகளை மீண்டும் தட்ட வேண்டிய நிலை 2025-ல் வந்தது. ட்ரியோவுக்கான நிதியை முழுவதுமாக நிறுத்திவிட அதிபர் டிரம்ப்பின் பட்ஜெட் முன்மொழிந்தது. ஆனால், அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருக்கும் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழு, நிதியைத் தொடரவே பரிந்துரைத்தது.

ஓட்டு இல்லாதவருக்காக...

ஜான்சன் கையெழுத்திட்ட நவம்பர் 8, 2017-லிருந்து 'முதல் தலைமுறை மாணவர் தின'மாக அமெரிக்கக் கல்லூரிகளில் கொண்டாடப்படுகிறது. அதைத் தொடங்கிவைத்ததிலும் இந்த அமைப்புக்குப் பங்கு உண்டு.

எந்த ஊரில் சங்கம் தொடங்கினாலும் இவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. இந்தச் சங்கம் யாருக்காகப் பாடுபடுகிறதோ, அந்த மாணவருக்கு அதில் ஓட்டு இல்லை. அவர் சந்தா கட்டுவதில்லை, கூட்டத்துக்கு வருவதில்லை. நான்கைந்து ஆண்டுகளில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஊழியர்கள் தங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்வது மட்டுமே சங்கத்தின் வேலையாகிவிட்டாலும், அதைத் தட்டிக்கேட்க அவரால் முடியாது.

அவர் சார்பில் பேச அந்த அறையில் இருப்பது பைலா மட்டும்தான். நோக்கத்தை மறக்காதே, கணக்கைத் திறந்து வை, பதவியைப் பிடித்துத் தொங்காதே, சின்ன ஊரின் குரலையும் கேள் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அடுத்தமுறை ஏதாவதொரு கூட்டத்தில் யாராவது பைலாவைப் பிரித்தால், செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் காது கொடுக்கலாம். அந்த அறைக்கு வர முடியாத யாரோ ஒருவருக்காகவும் அதில் சில வரிகள் எழுதப்பட்டிருக்கும்!