நகரசபை அங்கத்தினரும் நம் தெருவும்

நகரசபை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவது வரிச் சீட்டுதான். வீட்டு வரி, தொழில் வரி, தாமதித்தால் அபராதம் என்ற இவற்றிற்கு அப்பால் அந்த ஸ்தாபனத்தோடு நமக்கு என்ன உறவு உண்டு என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. சட்டசபைத் தேர்தல் வந்தால் திண்ணைதோறும் விவாதம் நடக்கிறது. சென்னையில் யார் மந்திரி, திருவனந்தபுரத்தில் யார் மந்திரி என்று நம் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். ஆனால் நம் வார்டின் கவுன்சிலர் யார் என்று கேட்டால், வீட்டுத் தலைவரே சற்றுத் தயங்கிச் சுவரில் ஒட்டிய பழைய தேர்தல் விளம்பரத்தைத் தேடுகிறார். தெருக்குழாயில் நீர் வராத அன்றுதான் அந்தப் பெயர் நமக்குத் தேவைப்படுகிறது.

போர்ட் கொச்சியில் வாழும் நமக்கு நகரசபை புதிய சரக்கு அன்று. 1663-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரிடமிருந்து இவ்வூரைக் கைப்பற்றிய டச்சுக்காரர், மறு ஆண்டிலேயே இங்கு ஒரு நகராட்சியை ஏற்படுத்தினர் என்பர். பின்னர் ஆங்கிலேயர் காலத்தில், 1866-ஆம் ஆண்டில், சென்னை மாகாணச் சட்டத்தின்படி போர்ட் கொச்சி நகராட்சி அமைந்தது. ஆம், நேயர்களே, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி கேரள மாநிலம் உருவாகும் வரையில் இந்தச் சிறு துண்டு நிலம் மலபார் ஜில்லாவோடு சேர்ந்து சென்னைக்கே உட்பட்டிருந்தது. கல்வத்தித் தோட்டிற்கு இப்பால் சென்னை ராஜ்யம். அப்பால் மட்டாஞ்சேரியில் கொச்சி மகாராஜாவின் ஆட்சி. தோட்டைக் கடந்தால் சட்டம் வேறு, வரி வேறு, அதிகாரி வேறு. மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்திற்கும் கொச்சி அரசு 1896-ஆம் ஆண்டில் தனித்தனி நகரசபைகளை அளித்தது. இம்மூன்றையும், வெலிங்டன் தீவையும், சுற்றியிருந்த சில பஞ்சாயத்துகளையும் ஒன்றாகக் கூட்டி 1967-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி கொச்சி மாநகராட்சி தோன்றியது. 1969-இல் கூடிய முதல் கவுன்சிலில் ஏ. ஏ. கொச்சுண்ணி மாஸ்டர் மேயரானார்.

அன்று முதல் நம்மவரிடையே ஒரு மனக்குறை நிலவி வருகிறது. தலைமைக் காரியாலயம் காயலுக்கு அக்கரையில் இருக்கிறது. 2025 அக்டோபரில் மெரைன் டிரைவில் புதிய மாளிகைக்கு மாறிய பிறகும் அக்கரையில்தான் இருக்கிறது. போர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் மண்டல அலுவலகங்கள் உண்டு என்பது மெய்யே. ஆயினும் பெரிய முடிவுகள் படகேறிப் போய்த்தான் திரும்பி வரவேண்டும். ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர எத்தனை நாள் பிடிக்கும் என்பதை ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கோப்பைப் பின்தொடர்ந்து செல்ல நமக்கென்று ஒருவர் வேண்டும். அவரே வார்டு அங்கத்தினர்.

அவரால் என்ன இயலும், என்ன இயலாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவர்மீது கோபம் கொள்வது நியாயமாகாது. தெருவிளக்கை எடுத்துக்கொள்வோம். கம்பம் மின்சார வாரியத்தினுடையது; விளக்குக்குப் பொறுப்பு மாநகராட்சி. குழாய் நீர் கேரள நீர் ஆணையத்தைச் சேர்ந்தது. சந்துச் சாலை மாநகராட்சியினுடையது. பெரிய சாலை பொதுப்பணித் துறையினுடையதாக இருக்கலாம். நீர் ஆணையம் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டும். அதை மூடவேண்டியது யார் என்ற வாக்குவாதத்தில் ஒரு மழைக்காலம் கழிந்துவிடும். கடற்கரையிலோ சுற்றுலாத் துறையினர், தொல்பொருள் துறையினர், துறைமுகத்தார் எனப் பல எஜமானர்கள். சாதாரணக் குடிமகன் இத்தனை கதவுகளையும் தட்டி முடிப்பதற்குள் அவன் விடுமுறை நாட்கள் தீர்ந்துபோகும். எந்தக் கதவு எந்தக் குறைக்கு உரியது என்று அறிந்து, அங்கே நம் மனுவோடு போய் நிற்பதே கவுன்சிலரின் அன்றாட ஊழியத்தில் பெரும்பகுதி. மாநகராட்சிக்கு உரிய காரியமாயின் அவர் சபையிலும் எழுப்பலாம், நிலைக்குழுவிலும் வற்புறுத்தலாம். பிற இலாகாக்களின் காரியமாயின் வேண்டிக்கொள்ளத்தான் முடியும், உத்தரவிட முடியாது.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேர்ந்தது நம் தாய்மார்களுக்கு மறந்திராது. பிறவத்தை அடுத்த பாழூரில், மூவாற்றுப்புழை ஆற்றிலிருந்து நீர் இறைக்கும் நிலையத்தின் மோட்டார்கள் பழுதாயின. முப்பது, நாற்பது கிலோமீட்டர் தொலைவில் ஓர் இயந்திரம் நின்றதனால் மேற்குக் கொச்சி முழுவதும் குடமும் கையுமாய்த் தெருவில் நின்றது. வாரக்கணக்கில் லாரியில் வந்த நீர்தான் கதி. நம் ஒடுங்கிய சந்துகளுக்குள் பெரிய லாரி நுழையாது. எந்த முனையில் லாரியை நிறுத்துவது, எந்த வரிசைக்கு முதலில் ஊற்றுவது, படுக்கையில் இருக்கும் முதியோர் வீட்டிற்கு யார் சுமந்து கொடுப்பது ஆகிய இவற்றையெல்லாம் மேலிடத்து அதிகாரி எவரும் தீர்மானிக்க முடியாது. இரவு பதினொரு மணிக்குக் கையில் டார்ச் விளக்கோடு நின்று தீர்மானித்தவர்கள் அந்தந்த வார்டு அங்கத்தினர்களே. சிலர் நன்றாகச் செய்தனர். சிலர் தம் ஆதரவாளர் வீடுகளை மட்டும் கண்டனர் என்ற பேச்சும் உண்டு. அதே ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பை மேட்டில் தீப்பற்றிப் பத்து நாட்களுக்கு மேல் நகரம் புகையில் மூழ்கியது. அதற்குப் பின்னரே வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் இங்கு உறுதிப்பட்டது. அவர்கள் கேட்கும் மாதக் கட்டணத்தைக் கொடுக்க முணுமுணுப்பவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

கொசுவைப் பற்றித் தனியே எழுதவேண்டும். யானைக்கால் நோய்க்குக் கொச்சிக் கால் என்றே அந்நியர் ஒரு காலத்தில் பெயரிட்டிருந்தனர். அந்நோய் இன்று பெரிதும் அடங்கியிருக்கிறது, கொசு அடங்கவில்லை. இராமேசுவரம் தோடு என்றும் கல்வத்தித் தோடு என்றும் வழங்கும் நீரோட்டம், கடலின் ஏற்றவற்றத்தோடு தன்னைத் தானே கழுவிக்கொள்ளவேண்டியது. சேறும் குப்பையும் அடைத்துக்கொண்டு நிற்கையில் அது எப்படிக் கழுவும்? ஆண்டுதோறும் மழைக்கு முன் தூர் வாரக் கேட்பதும், வாரிய சேற்றைக் கரையிலேயே குவிக்காமல் அகற்றச் செய்வதும் தோட்டுக்கரை வார்டுகளின் அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றிச் செய்யவேண்டிய வேலை. சேற்றை வாரிக் கரையில் கொட்டிவிட்டுப் போனால் முதல் மழையே அதை மீண்டும் தோட்டில் சேர்த்துவிடும்.

நம்மவர் கதையில் வெளி மைதானத்தை அடுத்த தோபிகானாவுக்குத் தனி இடம் உண்டு. டச்சுப் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காக 1720-களில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே தொழில் செய்கின்றனர். மூன்று நூற்றாண்டுகள்! டச்சுக்காரர் போயினர்; ஆங்கிலேயர் போயினர்; துணியைத் துவைத்து, கஞ்சியிட்டு, கவ்விகள் எதுவுமின்றி முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே செருகி உலர்த்தும் அந்தக் கைத்திறன் போகவில்லை. குளக்கரைகளில் துவைத்துவந்த அவர்களுக்குத் தொட்டிகளும் கூரையும் கொண்ட இன்றைய இடத்தை 1976-ஆம் ஆண்டில் கட்டிக்கொடுத்தது பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம். அது மாநகராட்சியன்று, வேறொரு ஸ்தாபனம் என்பதைக் கவனிக்கவேண்டும். அங்கே பணி செய்வோர் தம் வண்ணார் சங்கத்தின் மூலம் ஒற்றுமையாக நிற்பதனால்தான் அவர்கள் குரல் இரு இடங்களிலும் கேட்கிறது. சுற்றுலாப் பயணிகள் வந்து படம் பிடித்துச் செல்கின்றனர். படம் பிடிப்பவர் கூரையின் ஒழுக்கை அடைப்பதில்லை; அதற்கு அங்கத்தினரைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

இனி, நம் குடும்பங்களை அதிகம் அலைக்கழிக்கும் ஒரு காரியத்திற்கு வருவோம். அதுதான் பெயர். நம்மவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும். இங்குள்ள எழுத்தர் மலையாளத்தில் கேட்டபடி எழுதுகிறார். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தந்தை ஆதாரில் முருகேசன், மகளின் பிறப்புச் சான்றில் முருகேஷ், ரேஷன் கார்டில் வெறும் முருகன். மூவரும் ஒருவரே என்று நிரூபிப்பதற்குள் அந்தப் பெண் பள்ளியில் சேரும் காலம் வந்துவிட்டது. தாயார் ஆறு முறை வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓர் அலுவலகத்திற்கு நடந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய காகிதம் கேட்டார்கள். ஏழாம் முறை வார்டு கவுன்சிலரான அம்மையார் தாமே உடன் சென்றார். என்னென்ன காகிதம் வேண்டுமென்று ஒரே மூச்சில் எழுதி வாங்கினார். மூன்று வாரத்தில் காரியம் முடிந்தது. சட்டம் மாறவில்லை, அதிகாரியும் மாறவில்லை. கேட்பவர் யார் என்பதுதான் மாறியது. இது நமக்கு மகிழ்ச்சியா, வருத்தமா என்று இன்றளவும் விளங்கவில்லை.

குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. 30 நாட்கள் கடந்தால் அதிகாரியின் அனுமதியும், ஓர் ஆண்டு கடந்தால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவும் வேண்டியிருக்கும். பெயர் வைக்காமலும் பதிவு செய்யலாம். ஓர் ஆண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, வாக்காளர் பட்டியல், அரசு வேலை அனைத்திற்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றே ஆதாரம். 2024 சனவரி முதல் கே-ஸ்மார்ட் என்னும் இணைய ஏற்பாட்டின் வழியாக வீட்டிலிருந்தபடியே விண்ணப்பிக்க முடிகிறது. ஊருக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பது நம் வழக்கமாதலால், பிறந்த ஊரிலேயேதான் பதிவு செய்யவேண்டும் என்பதைப் பெரியவர்கள் மறக்கலாகாது.

வாக்குரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டசபைக்கு ஒரு பட்டியல், உள்ளாட்சிக்கு வேறொரு பட்டியல். பின்னதைத் தயாரிப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். முன்னதில் பெயர் இருப்பதால் பின்னதிலும் இருக்கும் என்று எண்ணி ஏமாந்தவர்கள் 2025 டிசம்பர் 9-ஆம் தேதி வாக்குச்சாவடியிலிருந்து திரும்பி வந்ததைக் கண்டோம். அத்தேர்தலுக்கு முன் வார்டுகளை மறுவரையறை செ்து 74-ஐ 76 ஆக்கினர். ஆதலால் உங்கள் வார்டின் எண்ணும் எல்லையும் மாறியிருக்கக்கூடும். ஒரு பெயரால் என்ன ஆகும் என்று கேட்போர் 2020-ஆம் ஆண்டை நினைவுகூரட்டும். ஐலண்ட் நார்த் வார்டில், ஐக்கிய ஜனநாயக முன்னணியின் மேயர் வேட்பாளர் என்று பேசப்பட்ட என். வேணுகோபால், பாரதிய ஜனதா வேட்பாளரிடம் ஒரே ஒரு வாக்கில் தோற்றார். அந்தச் சபையின் கதையையே அந்த ஒற்றை வாக்கு சற்றுத் திருப்பிவிட்டது.

வெலிங்டன் தீவுப் பாதையோரம் வாத்துருத்தியில் நெருக்கமான அறைகளில் வாழும் நம் கூலித் தொழிலாளர்களை எண்ணும்போது இது இன்னும் கசக்கிறது. கட்டடம் கட்டவும், குழி தோண்டவும், சுமை தூக்கவும் நகரம் அவர்களை விடியற்காலையில் தேடி வருகிறது. பட்டியலில் தேடினால் பலரைக் காணோம். வீட்டுக்காரர் வாடகைச் சீட்டுக் கொடுப்பதில்லை. சீட்டில்லாமல் இருப்பிடச் சான்று எளிதில் கிட்டுவதில்லை. சான்றில்லாமல் பட்டியலில் பெயர் ஏறுவதில்லை. பெயரில்லாதவர் தெருவில் சாக்கடை நிரம்பினால் அதைக் கணக்கில் எடுக்கவேண்டிய அவசியம் அங்கத்தினருக்கு என்ன இருக்கிறது? நல்ல மனம் இருந்தால் எடுப்பார், அவ்வளவே. பல ஆண்டுகள் இங்கேயே தங்கிவிட்டவர்களேனும் ஊரில் ஒன்றும் இங்கே ஒன்றுமாக இரட்டைப் பதிவு வைத்துக்கொள்ளாமல், ஓரிடத்தைத் தீர்மானித்துக்கொள்வது நலம்.

கேரள நகராட்சிச் சட்டப்படி ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலரைத் தலைவராகக் கொண்ட வார்டு குழு இருக்கவேண்டும். குடியிருப்போர் சங்கங்களுக்கும் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களுக்கும் அதில் இடமுண்டு. நம் பெண்களில் அயல்கூட்டத்தில் சேர்ந்தவர்கள் சிலரே. சேமிப்புக்கும் கடனுக்கும் மட்டும் அது என்று எண்ணுகிறார்கள். வார்டு குழுவில் பேசும் உரிமைக்கு அது ஒரு வாசல். மாநகராட்சி இடங்களில் பாதி 2010 தேர்தல் முதல் பெண்களுக்கே ஒதுக்கப்படுகிறது. சேச்சி என்று விளித்து நம் பெண்கள் நேரே போய்ப் பேசலாம், கணவர் வருமட்டும் காத்திருக்க வேண்டியதில்லை.

மனு எழுதுகையில் ஒரு மனுவில் ஒரு குறையையே எழுதுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தின் எண்ணையும், ஓடை அடைத்தது என்றால் எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை என்பதையும் குறிப்பிடுங்கள். கவுன்சிலரிடம் ஒரு பிரதி, மண்டல அலுவலகத்தில் ஒரு பிரதி. அலுவலகப் பிரதிக்குத் தேதியிட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மலையாளம் எழுதத் தயங்குவோருக்காக ஞாயிறு மாலைகளில் நம் சங்க அறையில் இருவர் அமர்ந்திருப்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வரிச் சீட்டு அல்லது வாடகைச் சீட்டு ஆகியவற்றின் நகல்களோடு வரவும். உள்ளாட்சி வாக்காளர் பட்டியலின் நம் வார்டுப் பக்கங்களும் அங்கே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன.