கிரெடிட்டின் கனம்

மதிப்பெண் இருந்த ஸ்தானத்தில் எழுத்துக் கிரேடு வந்து அமர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த எழுத்துகள் கூடி ஒரு மாணவரின் சராசரியாக எவ்வாறு உருவெடுக்கின்றன என்பதை இவ்வாரம் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2015-ல் வகுத்த முறைப்படி, 'ஓ' என்னும் உச்ச கிரேடுக்குத் தரப்புள்ளி 10. 'ஏ பிளஸ்' என்றால் 9, 'ஏ' என்றால் 8, 'பி பிளஸ்' என்றால் 7 என்று படிப்படியாக இறங்கி, வெறும் தேர்ச்சிக்கு 4 ஆகி, தோல்விக்குப் பூஜ்யமாகிறது. இதை மாணவர்கள் நன்றாகவே அறிவார்கள். ஆனால், பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் கிரெடிட் என்ற சிறிய எண்ணைப் பலர் சிரத்தையுடன் பார்ப்பதில்லை; கணக்கின் ஜீவனோ அதில்தான் இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒரு கிரெடிட், இரண்டு மணி நேரச் செய்முறைக்கு ஒரு கிரெடிட் என்பது விதியாதலால், பாடம் கோரும் பிரயாசை எவ்வளவோ அவ்வளவே அதன் கனம்.

ஒரு பருவத்தில் நான்கு பாடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 கிரெடிட் கணிதத்தில் 9 புள்ளி. 4 கிரெடிட் பௌதிகத்தில் 7. 3 கிரெடிட் ஆங்கிலத்தில் 8. 1 கிரெடிட் ஆய்வுக்கூடத்தில் 10. புள்ளிகளை மட்டும் கூட்டி நான்கால் வகுத்தால் 8.5 வரும், மனத்துக்கு இனிய எண்தான், ஆயினும் பிழை. ஒவ்வொரு புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கினால் 36, 28, 24, 10; கூட்டுத்தொகை 98. அதை மொத்தக் கிரெடிட்டான 12-ஆல் வகுக்க வருகிற 8.17 என்பதே அந்தப் பருவத்தின் உண்மையான சராசரி.

பருவங்களைச் சேர்க்கும்போதும் இதே நியாயந்தான். 20 கிரெடிட்டில் 7, 24 கிரெடிட்டில் 8.5 பெற்றவருக்கு ஒட்டுமொத்தச் சராசரி 7.82, இரண்டையும் கூட்டிப் பாதியாக்குகிறவர் 7.75 என்று தமக்குத் தாமே குறைத்துக்கொள்கிறார்.

அரியர் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். மேற்சொன்ன மாணவர் பௌதிகத்தில் தோற்றிருந்தால் அவருடைய புள்ளித்தொகை 70 ஆகும். தோற்ற பாடத்தின் கிரெடிட்டையும் சேர்த்து வகுக்கும் முறையில் சராசரி 5.83, தேறும்வரை அதை விலக்கி வைக்கும் முறையிலோ 8.75! பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இவ்விதி வேறுபடுவதால், எண்ணை மாத்திரம் கண்டு மகிழ்வதும் வருந்துவதும் தகாது. தத்தம் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குவிதிகளைப் படித்தே தீரவேண்டும்.

வேலைக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் இன்று இந்த எண்ணே முதல் நிபந்தனையாக நிற்கிறது. ஆதலால் முதற்பருவத்தின் முதல் வாரத்திலேயே இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்படி கல்லூரி ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.

(தொடரும்)